வீட்டில் மனைவிக்குப் பங்கு: கூட்டுக் கிரயமா, ஹிபாவா, மஹரா, வஸிய்யத்தா?

கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணம், மனைவி விற்றுக் கொடுத்த நகை, இருவரும் சேர்ந்து கட்டிய வங்கித் தவணை. இத்தனையும் சேர்ந்து எழும்பிய வீட்டின் பத்திரத்தில் மட்டும் ஒரே பெயர். தமிழக முஸ்லிம் குடும்பங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் நிலை இது. "நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் எனக்கு என்ன மிஞ்சும்?" என்று மனைவி கேட்கும்போது ஆளுக்கொரு யோசனை வருகிறது. வஸிய்யத், அதாவது உயில் எழுதிவிடலாம் என்பார் ஒருவர், ஹிபா, அதாவது உயிரோடிருக்கும்போதே தானம் செய்துவிடலாம் என்பார் இன்னொருவர், பட்டாவில் பெயர் சேர்த்தால் போதும் என்பார் மூன்றாமவர். இந்த மூன்றும் ஒன்றல்ல. கடைசியாகச் சொன்னது உரிமையே தராது, ஏனென்றால் பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான், உடைமைப் பத்திரம் ஆகாது.

முதலில் அடிப்படை. இந்தியாவில் நடைமுறையில் உள்ள முஸ்லிம் தனிநபர் சட்டப்படி, திருமணத்தால் கணவன் மனைவி சொத்து பொதுச்சொத்து ஆவதில்லை. அவரவர் பெயரில் உள்ளது அவரவருக்கு. இதில் மனைவிக்குப் பெரிய பலமும் உண்டு. அவளுடைய சம்பளம், நகை, தாய்வீட்டுச் சொத்து எதிலும் கணவருக்குக் கைவைக்க உரிமை கிடையாது. அவள் வசதியானவளாக இருந்தாலும் ஜீவனாம்சம் கணவர் கடமையே. அதே விதியின் மறுபக்கம், கணவர் பெயரில் உள்ள வீட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் மணமுறிவில் பங்கு கேட்கச் சட்டப்பிரிவு கிடையாது. மலேசியக் கூட்டரசுப் பிரதேசங்களின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் 122ஆம் பிரிவில், மணவாழ்வில் சேர்த்த சொத்தை ஷரீஆ நீதிமன்றம் பிரித்துத் தரலாம். வீட்டைப் பராமரித்த உழைப்பையும் கணக்கில் எடுக்கலாம். அங்கே உறவினர் உள்ளவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே அப்படியொரு சட்டம் இல்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சவூதியில் உழைக்க இல்லத்தைக் காத்த மனைவிக்கும் அந்த வருமானத்தில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் சொன்னது. மனத்துக்கு நிறைவான தீர்ப்புதான். ஆனால் அது இந்துக் குடும்பத்தின் வழக்கு, சட்டமன்றம் இயற்றிய விதியும் அல்ல. அதை நம்பிப் பத்திரத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

ஐந்து கேள்விகள் போதும். மணமுறிவு நேர்ந்தால் மனைவி கையில் என்ன இருக்கும்? கணவர் முன்னே இறந்தால் என்ன இருக்கும்? மனைவி முன்னே இறந்தால் கணவர் என்ன ஆவார்? (இதைக் கேட்கப் பலருக்கும் கூச்சம். ஆனால் கணவர்கள் தயங்குவதற்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் இதுதான்.) இன்று எவ்வளவு செலவு? பிறகு யாராவது எதிர்த்தால் நிற்குமா?

முதல் மூன்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வீட்டின் மதிப்பு 48 லட்சம், வேறு கடன் இல்லை. கணவருக்கு மனைவி, இரண்டு மகள்கள், தாய், ஒரு சகோதரர். மனைவிக்குப் பெற்றோர் இல்லை, ஒரு சகோதரர் உண்டு. தொகைகள் லட்சத்தில்.

| வழி | மணமுறிவில் மனைவிக்கு | கணவர் இறந்தால் மனைவிக்கு | மனைவி முன்னே இறந்தால் கணவர் கையில் |
|---|---|---|---|
| எதுவும் செய்யாமல் கணவர் பெயரில் | 0 | 6 | 48 |
| வாங்கும்போதே பாதிப் பாதி | 24 | 27 | 30 |
| முழு ஹிபா, அல்லது மனைவி பெயரிலேயே கிரயம் | 48 | 48 | 12 |
| 12 லட்சம் மஹர் (நிகாஹுக்காகக் கணவர் மனைவிக்குத் தர வேண்டியது) பாக்கி | 12 | 16.5 | 39 |
| வஸிய்யத், மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் | 0 | 6 | 48 |
| 1954 சிறப்புத் திருமணச் சட்டப் பதிவு | 0 | 16 | 48 |

மஹர் வரிசையைத் தவிர மற்றவற்றில் மஹர் முன்பே கொடுத்தாகிவிட்டது என்று கொண்டிருக்கிறேன். இத்தா காலத்துக்குள் (மணமுறிவுக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலம்) கணவர் செய்ய வேண்டிய நியாயமான ஏற்பாடு, ஜீவனாம்சம் ஆகியவை தனி. அவை எந்த வழியிலும் உண்டு.

## எதுவும் செய்யாமல் விட்டால்

அல்குர்ஆன் 4:12 வகுத்தபடி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்தால் அந்தப் பங்கையே பகிர்ந்துகொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மனைவிக்கு 6, தாய்க்கு ஆறில் ஒன்றாக 8, இரு மகள்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டாக 32, மீதி 2 லட்சம் சகோதரருக்கு.

அந்த 2 லட்சத்தைச் சிறிதாக எண்ணாதீர்கள். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ அவர் கையெழுத்து வேண்டும். அவர் மறுத்தால் பாகப்பிரிவினை வழக்கு. அவரும் இறந்துவிட்டால் அவருடைய மனைவி மக்கள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். ஆண் பிள்ளை இல்லாத வீடுகளில் விதவைகள் அதிகம் சிக்கித் தவிப்பது இந்த இடத்தில்தான். விவசாய நிலத்துக்கும் இதே பங்குதான்: 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கி வைத்திருந்தாலும், சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அதையும் சேர்த்துவிட்டது.

கணவருக்குச் சொத்து அதிகம், வாரிசுகள் மனைவியும் ஆண் பெண் பிள்ளைகளும் மட்டும், எல்லோரும் வயது வந்தவர்கள், ஒற்றுமையானவர்கள் என்றால் இப்படியே விடலாம். அப்போதும் மணமுறிவு நேர்ந்தால் இதில் மனைவிக்கு எந்தக் காப்பும் இல்லை.

## வாங்கும்போதே கூட்டுக் கிரயம்

இன்னும் பத்திரம் பதியவில்லை என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், இதைச் செய்யுங்கள். கூடுதல் செலவு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வாங்குபவர் ஒருவரானாலும் இருவரானாலும் அதே தொகை. 10 லட்சம் வரையிலான வீடு, மனை, நிலத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். கட்டணங்கள் மாறிக்கொண்டிருப்பவை, பதியும் வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் கவனிக்க வேண்டியவை:

- யாருக்கு எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால், யார் எவ்வளவு பணம் போட்டார் என்பதற்குச் சான்று இல்லாதபோது சமபங்கு என்று கொள்வார்கள். 60க்கு 40 என்றால் அதைக் குறிப்பிட வேண்டும்.
- மனைவி கொடுத்த பணம் அவள் கணக்கிலிருந்து நேராக விற்பவருக்குப் போகட்டும். நகையை விற்றால் கடை ரசீது அவள் பெயரில் இருக்கட்டும், தொகை முதலில் அவள் கணக்குக்கு வரட்டும்.
- காசோலை அல்லது பரிமாற்ற எண்ணைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வீட்டுக்கடன் தொகையைக் கூட்டிக் காட்ட, சம்பாதிக்கும் மனைவியைக் கடனில் இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பார்கள். கிரயப் பத்திரம் கணவர் பெயரில் மட்டும் இருக்கும். அவளுக்குக் கடன் பொறுப்பு முழுதாக உண்டு, வீட்டில் பங்கு இல்லை. வங்கிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கிரயப் பத்திரத்தின் வரைவை வாங்கிப் படியுங்கள். வாங்குபவர் பகுதியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறைந்திருக்கும் சுமைகளும் உண்டு. விற்கும்போது இரு கையெழுத்தும் வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் தேவைப்படும். மனைவி முன்னே இறந்தால் அவள் பாதியில் கணவருக்கு நான்கில் ஒன்றுதான், பிள்ளை இல்லாவிட்டால் பாதி. மிச்சம் பிள்ளைகளுக்கும் அவளுடைய பிற வாரிசுகளுக்கும் போகும்.

முழு வீட்டையும் மனைவி பெயரிலேயே வாங்கினால்? 2016 திருத்தத்துக்குப் பிறகான பினாமி தடைச் சட்டம், கணக்கில் காட்டிய வருமானத்தில் துணைவர் பெயரில் வாங்குவதைப் பினாமி என்று சொல்வதில்லை. ஆனால் பின்னாளில் கணவரோ அவருடைய வாரிசுகளோ "பணம் கணவருடையது, பெயர்தான் அவளுடையது" என்று வாதிட இடமுண்டு. அந்தப் பணத்தை மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று கணவர் எழுதித் தரும் ஒரு தாள் இந்த வாதத்தைப் பெரும்பாலும் அடைத்துவிடும்.

## ஏற்கெனவே வாங்கிய வீடு: ஹிபா

கணவர் பெயரில் ஏற்கெனவே உள்ள வீட்டுக்கு வலுவான வழி ஹிபாதான் என்பது என் தெளிவான கருத்து. மூன்று உறுப்புகள் இருந்தால் ஹிபா முழுமையாகும்: கொடுத்தேன் என்ற அறிவிப்பு, ஏற்றுக்கொண்டேன் என்ற சம்மதம், சொத்தை ஒப்படைத்தல். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 129ஆம் பிரிவு முஸ்லிம் ஹிபாவுக்குப் பதிவுக் கட்டாயத்திலிருந்து விலக்களிக்கிறது. எழுத்தில் இருப்பதாலேயே பதிவு கட்டாயமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது. ஆகவே வாய்மொழி ஹிபாவும் செல்லும்.

செல்லும்தான், ஆனால் நிரூபிப்பது யார்? கணவர் இறந்த பிறகு, சாட்சிகள் இருவரும் மனைவியின் அண்ணன் தம்பியாக இருக்கும்போது, வாய்மொழி ஹிபா நீதிமன்றத்தில் மிகுந்த பாடுபடும். வாங்க வருபவரும் வங்கியும் பதிவுப் பத்திரம்தான் கேட்பார்கள். எனவே பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் ஏற்றிய பிறகான தொகை இது. 48 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள வீட்டுக்கு மொத்தம் 50,000 ரூபாய். அதையே கிரயமாக எழுதினால் 4,32,000 ரூபாய் ஆகும்.

செய்யும் வரிசை இது. வில்லங்கச் சான்று எடுத்து அடமானம் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பத்திரத்தில் மூன்று உறுப்புகளையும் தனித்தனி வாக்கியமாக எழுதி, மனைவியும் ஏற்புக் கையெழுத்து இட வேண்டும். பதிந்த அன்றே மூலப்பத்திரங்களை மனைவியிடம் ஒப்படைக்க வேண்டும். தொடர்ந்து பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றையும் அவள் பெயருக்கு மாற்ற வேண்டும். வாடகைக்கு விட்டிருந்தால் இனி வாடகை மனைவிக்கே என்று குடியிருப்பவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வாழும் வீட்டில் ஒப்படைத்ததைக் காட்டக் கணவர் வெளியேற வேண்டியதில்லை என்று நீதிமன்றங்கள் ஏற்கின்றன. அதனால்தான் இந்தப் பெயர்மாற்றங்கள் முக்கியமாகின்றன: ஒப்படைப்பு நடந்ததற்கு அவைதான் சான்று.

ஹிபா எங்கே உடைகிறது?

பத்திர எழுத்தர்கள் பழைய மாதிரியை அப்படியே நகலெடுப்பதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. "என் ஆயுள்வரை நானே அனுபவித்து, எனக்குப் பின் அடைந்துகொள்ள வேண்டியது" என்ற வரி அந்த மாதிரிகளில் இருக்கும். எதிர்காலத்தில் நடப்புக்கு வரும் ஹிபா செல்லாது. இறந்த பிறகு என்று எழுதினால் அது வஸிய்யத்தாகவே கருதப்படும். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். கணவருக்குக் குடியிருக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால் வழக்கறிஞரிடம் கேட்டு அனுபவ உரிமையைத் தனியாக, சரியான சொற்களில் எழுத வேண்டும்.

அடுத்தது பாதி வீட்டை மட்டும் கொடுப்பது. பிரிக்கக்கூடிய சொத்தின் பிரிக்காத பங்கை ஹிபா செய்வது, முஸ்லிம் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி சட்டத்தில் குறையுள்ளது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நிரூபிக்க வழக்காட வேண்டிவரும். மற்றொரு மரபினரான ஷாஃபிஈகளுக்கு இந்தத் தடை இல்லை. ஹனஃபி குடும்பம் என்றால் முழுதாகக் கொடுங்கள், அல்லது மேல்தளம், கிழக்குப் பக்க மனை என்று எல்லை குறித்துக் கொடுங்கள்.

மரணப்படுக்கையில் செய்வதும் தவறு. இறப்பில் முடியும் நோயில், மரண பயத்தோடு செய்த ஹிபாவுக்கு வஸிய்யத்தின் கட்டுப்பாடுகளே பொருந்தும். நல்ல உடல்நிலையில் செய்யுங்கள். கணவர் வளைகுடாவில் இருந்தால் விடுமுறையில் வரும்போது அவரே நேரில் எழுதுவது நல்லது. விற்க அதிகாரம் கொடுத்த பொதுப் பவரை வைத்து முகவர் தானம் எழுத முடியாது. தானம் கொடுக்க என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வருமான வரியில் ஒரு சுமை உண்டு. மனைவிக்குக் கொடுத்த அன்பளிப்புக்கு வரி இல்லை, ஆனால் அந்த வீட்டின் வாடகையைக் கணவர் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடுவார்கள். கடன்காரர்களை ஏமாற்றச் செய்த ஹிபாவை அவர்கள் நீதிமன்றத்தில் ரத்து செய்ய வைக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கணவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மணவாழ்வில் மனைவிக்குக் கொடுத்து ஒப்படைத்த ஹிபாவைத் திரும்பப் பெற முடியாது, பின்னர் மணமுறிவு ஏற்பட்டாலும்கூட. மனைவிக்கு இது வலிமை. கணவர் வயதானவர், அவருக்கு வேறு வீடோ வருமானமோ இல்லை என்றால் முழு ஹிபா அவரை வெறுங்கையாக்கும் ஆபத்து உண்மையானது. அந்த நிலையில் எல்லை குறித்த பாதியே நியாயம்.

மற்ற வாரிசுகளின் பங்கைத் தட்டிப்பறிக்கும் நோக்கத்தோடு ஹிபா செய்வதை ஆலிம்கள் கண்டிப்பது சரியே. ஆனால் மனைவியின் நகையும் சம்பளமும் கரைந்து நிற்கும் வீட்டில் அவள் பங்கை அவளுக்கு எழுதிக் கொடுப்பது யாருடைய உரிமையையும் பறிப்பதாகாது. அவளுடையது அவளிடம் போகிறது, அவ்வளவுதான்.

## மஹர்

நிகாஹ் இன்னும் ஆகவில்லை என்றால் மஹரைவிட நல்ல கருவி இல்லை. நம் ஊர்களில் சில ஆயிரம் ரூபாயோ ஓரிரு பவுனோ எழுதி முடித்துவிடுகிறோம். மனையையோ வீட்டின் ஒரு பகுதியையோ மஹராக வைக்கத் தடையே இல்லை. வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணையில் சேர்ப்பதில்லை. திருமணத்துக்குப் பிறகு மஹரைக் கூட்டவும் கணவருக்கு உரிமை உண்டு.

கொடுபடாத மஹர் கணவர் மீதான கடன். அவர் இறந்தால் அடக்கச் செலவுக்குப் பிறகு, மற்றக் கடன்களோடு இதையும் தீர்த்த பின்னரே வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும். அட்டவணையில் 6 லட்சம் 16.5 ஆனது அதனால்தான்: 12 லட்சம் கடன் போக மீதி 36 லட்சத்தில் எட்டில் ஒன்று 4.5. மஹருக்காகச் சண்டையின்றி, வஞ்சனையின்றி வீட்டைக் கைவசம் வைத்திருக்கும் விதவை, அது தீரும்வரை மற்ற வாரிசுகளிடம் வீட்டை விட வேண்டியதில்லை. இது 1924இலேயே, அன்றைய மேல்முறையீட்டு உச்ச மன்றமான பிரிவி கவுன்சில் உறுதிசெய்த உரிமை. வைத்திருக்கலாம், விற்க முடியாது.

பலவீனம் என்னவென்றால் இது ஈடற்ற கடன்; அடமானக் கடன் வைத்த வங்கி முந்திக்கொள்ளும். மரணத்திலிருந்தோ மணமுறிவிலிருந்தோ 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். துக்கத்திலும் மரியாதையிலும் அந்த 3 ஆண்டைத் தவறவிடுபவர்கள் பலர். ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டில் தொகை, கொடுத்தாகிவிட்டதா, பாக்கியா என்பதை எழுதி, அதன் நகலை மனைவி வைத்திருக்க வேண்டும்.

மஹர் கடனுக்கு ஈடாக வீட்டைக் கொடுப்பதாக இருந்தால் வாய்ப்பேச்சு போதாது. அது விற்பனையாகக் கருதப்படும், பதிவுப் பத்திரம் கட்டாயம், கட்டணமும் கிரயத்துக்கு உரியதாக ஆகலாம். செலவைப் பார்த்தால் ஹிபாவாகவே எழுதுவது மேல்.

## வஸிய்யத்

பலர் முதலில் நாடுவது இது, மனைவிக்கு மிகக் குறைவாக உதவுவதும் இதுதான். மனைவி ஒரு வாரிசு. வாரிசுக்கு எழுதும் வஸிய்யத், மற்ற வாரிசுகள் கணவர் இறந்த பிறகு சம்மதித்தால்தான் செல்லும். உயிரோடிருக்கும்போது வாங்கி வைத்த சம்மதக் கடிதம் ஹனஃபி சட்டப்படி அவர்களைக் கட்டுப்படுத்தாது. வயது வராத பிள்ளைகள் சம்மதிக்கவே முடியாது. மூன்றில் ஒரு பங்குவரை எழுதலாமே என்பார்கள். அது வாரிசு அல்லாதவர்களுக்கான சலுகை.

மனைவியைத் தவிர வேறு வாரிசே இல்லாதவருக்கு வஸிய்யத் நன்றாகப் பயன்படும், முழுச் சொத்தையும் எழுதலாம். மற்றவர்களுக்கு இது ஆறுதல் தரும் காகிதம் மட்டுமே.

## சிறப்புத் திருமணச் சட்டத்தில் மீண்டும் பதிவு

நிகாஹ் ஆனவர்களும் 30 நாள் அறிவிப்புக் கொடுத்து 1954 சட்டத்தின்கீழ் தங்கள் திருமணத்தைப் பதியலாம். அதன்பின் வாரிசுரிமை 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நடக்கும்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு; கணவரின் தாய்க்கும் சகோதரருக்கும் எதுவுமில்லை. உயிலுக்கும் வரம்பில்லை. 2023 மார்ச் 8 அன்று கேரளத்தில் ஒரு முஸ்லிம் தம்பதி தங்கள் மகள்களுக்காக இப்படிப் பதிந்தது பெரிய விவாதமானது.

ஃபராயிழை, அதாவது ஷரீஅத் வாரிசுப் பங்கு முறையைக் கடமையாகக் கொள்பவர்களுக்கு இது ஏற்புடையதல்ல, அதை மதிக்க வேண்டும். இதைத் தேர்பவர்கள் இரண்டைத் தெரிந்துகொள்ளட்டும்: வயதான தாயின் பங்கு அறவே போகிறது, இந்தப் பதிவு உங்கள் பிள்ளைகளின் சொத்துக்கான வாரிசுரிமையையும் மாற்றுகிறது. மணமுறிவும் இனி நீதிமன்றம் வழியாக மட்டுமே.

## யாருக்கு எது?

- இனிமேல்தான் வாங்கப்போகிறவர்கள்: பங்கு குறித்த கூட்டுக் கிரயம்.
- கணவர் பெயரில் வீடு, மகள்கள் மட்டும்: கணவர் நலமாக இருக்கும்போதே பதிவு செய்த ஹிபா.
- இரண்டாம் திருமணம், முதல் மனைவியின் பிள்ளைகள் உண்டு: நிகாஹின்போதே பெரிய மஹர், அல்லது எல்லை குறித்த பகுதி ஹிபா. இங்கே முழு ஹிபா நீண்ட பகையில் முடியும்.
- காயல்பட்டினம், கீழக்கரை போலப் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை வந்து வாழும் ஊர்கள்: வீடு தந்தை பெயரிலேயே நின்றால், அவர் இறந்தபின் அது எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகிவிடும். தந்தை உயிரோடிருக்கும்போதே மகளுக்குத் தானசெட்டில்மெண்ட் பதிய வேண்டும்.

எந்த வழியில் எழுதினாலும், மணமுறிவுப் பேச்சில் நீட்டப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவான குலாவில் மஹரைத் திருப்பித் தருவது வழக்கம். ஆனால் அந்தக் கடிதங்களில் "இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்ற பொதுவரி சேர்ந்து வரும். மஹர் எவ்வளவு, அதை மட்டும் விட்டுத்தருகிறேன் என்று எழுதச் சொல்லுங்கள். வீடு, நகை, சீர்ப்பொருள் மூன்றும் இதில் அடங்காது என்று ஒரு வரி சேருங்கள். திருமணத்தின்போது உறவினர் கொடுத்த பொருட்களையும் பாக்கி மஹரையும் மணமுறிவு பெற்ற பெண் 1986ஆம் ஆண்டுச் சட்டம் 3ஆம் பிரிவில் குற்றவியல் நடுவர் முன் கேட்டுப் பெறலாம். ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது. அப்படிச் சொல்லப்பட்ட பெண் சட்டத்தின் முன் இன்னும் மனைவிதான், அவளுடைய எட்டில் ஒரு பங்கும் அப்படியே இருக்கிறது.